பக்கம் திருப்பும் நாற்காலி

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் என் மனைவியின் பஸ்ஸைப் பற்றியே பேசினார்கள். எவ்வளவு நெரிசலிலும் ஊசியில் நூல் கோப்பதுபோல ஓட்டுவாள் என்றார்கள். ஓடி வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்தால் காத்திருந்து ஏற்றிக்கொள்வாள் என்றார்கள். மூடி திறந்த பாட்டிலோடு நின்றுகொண்டு வந்தாலும் அவள் போடும் பிரேக்கில் தண்ணீர் தளும்பாது என்றார் டிப்போவிலிருந்து வந்த ஒருவர். எல்லாம் உண்மைதான். ஆனால் அவளை முழுதாகச் சொல்ல பஸ் மட்டும் போதாது. அவள் ஒரு பக்கத்தைத் திருப்ப மாட்டேன் என்று உட்கார்ந்திருந்ததையும், பிறகு திருப்பியதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர்தான். எங்கள் மகளுக்குத் தேர்வு நடக்கிறது. மேல்வீட்டம்மா பேச்சில் சிக்கனக்காரர். மிச்சம் நான்.

நாங்கள் குடியிருப்பது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில். எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருப்பவரைத்தான் மேல்வீட்டம்மா என்கிறேன். கணவர் கப்பல் வேலைக்குப் போய்விட, ஒரே மகளோடு இருப்பவர். பெரிய சாலையில் உள்ள மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறார். சீட்டைப் படித்து, அட்டையைப் படித்து, மறுபடி சீட்டைப் படித்துத்தான் மாத்திரையைக் கையில் கொடுப்பார். சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

எங்கள் மகள் படுக்கும் அறையின் கூரையில் ஒரு நாள் ஈரம் தெரிந்தது. முதலில் தம்ளர் வைத்து எடுத்த வட்டம் மாதிரி இருந்தது. பிறகு தட்டு அளவு ஆனது. பிறகு அதற்கு வடிவமே இல்லாமல் போய், சுவரிலும் இறங்கிற்று. பூச்சு உப்பி உதிர்ந்தது. கட்டிலை நகர்த்திப் போட்டோம். அறையில் ஈரத்துணி நாற்றம் நிரந்தரமாகக் குடியேறியது. மகளுக்கு இருமல் வந்து, போய், மறுபடி வந்து, கடைசியில் போகவே இல்லை. மருந்து கொடுக்கலாம், ஆனால் அறை காயாமல் இருமல் காயாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஒழுகிய குழாய் மேல்வீட்டுக் குளியலறைத் தரைக்கு அடியில் இருந்தது. அவர்கள் கதவைத் திறந்து, தரையை உடைக்க விட்டால்தான் வேலை நடக்கும். என் மனைவி மேலே போய்க் கேட்டாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் மேல்வீட்டம்மா. அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றார். கடையில் ஆள் குறைவு, தரையை உடைத்தால் இரண்டு பெண்கள் குளிக்க எங்கே போவது என்பது அவர் பக்கத்து நியாயம். இந்த நியாயம் எங்களுக்கு அப்போது தெரியாது. கேட்கவும் இல்லை.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் விஷயம் வெடித்தது. எல்லோரும் இருக்கும்போது என் மனைவி எழுந்து நின்று சொன்னாள்.

"மருந்தை மாத்திக் கொடுக்கிற கைக்கு, குழாய் ஒழுகறதா தெரியப் போகுது?"

அதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. கீழ்த்தளத்துப் பெரியவர் ஒருவர், வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள் என்று எப்போதோ முணுமுணுத்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் பஸ் ஓட்டுகிறவளைக் குடித்துவிட்டு ஓட்டுகிறாள் என்று சொன்னால் எப்படியோ, அப்படி ஒரு சொல் அது. அதன்பிறகு எங்கள் கட்டடத்தில் சிலர் சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். மேல்வீட்டம்மா அன்று கூட்டத்தில் குரலை உயர்த்தவில்லை. "இனிமே என் வீட்டுக் கதவு உங்களுக்குத் திறக்காது" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்திருந்த நாற்காலியை மடித்துச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுப் போனார்.

தவறு என்று என் மனைவிக்கு அன்றைக்கே தெரியும். சாப்பிடாமல் படுத்தாள். மேலே போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ரிவர்ஸ் கியர் அவளுக்கு பஸ்ஸில் மட்டும்தான் விழும்.

இந்த நிலையில்தான் எங்கள் கட்டடத்துக்கு இசை வகுப்பு வந்தது. வயலின், வியோலா, செல்லோ என்று வில் போட்டு வாசிக்கிற வாத்தியங்களைக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்து, இரவல் கொடுத்து, அங்கேயே கற்றுக்கொடுக்கிற ஓர் அமைப்பு. உடைந்த நாற்காலிகளும் பழைய சைக்கிள்களும் கிடந்த கீழ்த்தளக் கூடத்தைக் காலி செய்து கொடுத்தோம். கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை சேர்ந்தால் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரும் ஒரு வாத்தியம் எடுக்க வேண்டும். வாசலில் விட்டுவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது.

மகள் வயலின் வேண்டும் என்றாள். நான் அலுவலக வேலையைச் சொல்லி நழுவப் பார்த்தேன். என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "விடுங்க, நான் ஓட்டாத வண்டியா" என்று தானே போனாள். எல்லோரும் வயலினைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருக்க, மூலையில் ஆள் உயரத்துக்குச் சாய்ந்து நின்ற செல்லோவைக் காட்டி, அதை எப்படி வாசிப்பது என்று கேட்டாள். உட்கார்ந்துகொண்டு, முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு என்றார் டீச்சர். உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் எனக்குச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

இன்னொரு செல்லோவை ஏற்கெனவே ஒருவர் எடுத்திருந்தார். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறேன், இங்கேயாவது உட்காருகிறேன் என்று அவர் டீச்சரிடம் சொன்னாராம். மேல்வீட்டம்மாதான். அவர் மகளும் வயலினில் சேர்ந்திருந்தாள்.

அந்தச் சின்ன டீச்சருக்கு எங்கள் கட்டடத்துச் சரித்திரம் தெரியாது. செல்லோ இரண்டு. இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு, அதில் ஒரே இசைத்தாள் என்பது இந்த வாத்தியக் குழுக்களின் வழக்கம். அதில் வெளிப்பக்க நாற்காலியில் இருப்பவர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போவார். உள்பக்க நாற்காலியில் இருப்பவர், பக்கம் முடியும் இடத்தில் தான் வாசிப்பதை நிறுத்திவிட்டு, கை நீட்டித் தாளைத் திருப்பிவிட்டு மறுபடி சேர்ந்துகொள்வார். டீச்சர் என் மனைவியின் நீளமான கையைப் பார்த்தார். உள்பக்க நாற்காலியைக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கொதித்தாள். "அவங்க வாசிச்சுக்கிட்டே இருப்பாங்களாம். நான் நிறுத்திட்டு அவங்களுக்குப் பக்கம் திருப்பி விடணுமாம். இதுக்கா ஒரு மனுஷி டியூட்டி முடிச்சு ஓடி வர்றது?"

நல்ல வேளையாக ஆரம்பத்துப் பாடங்களில் திருப்புவதற்கே பக்கம் இல்லை. எல்லாம் ஒரே தாளில் அடங்கிவிடும். இரண்டு பேரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே கோட்டைப் பார்த்து வாசித்தார்கள். ஒருவர் வில் மேலே போகும்போது இன்னொருவர் வில்லும் மேலே போயாக வேண்டும். இல்லாவிட்டால் இடித்துக்கொள்ளும். பேசாமல் இருக்கலாம். மூச்சு மட்டும் சேர்ந்தே விட வேண்டியிருந்தது.

கட்டடத்திலும் ஏதோ நடக்கத்தான் செய்தது. வண்டி நிறுத்துகிற இடத்துக்காகக் கண்ணாடியை உடைத்துக்கொண்ட இரண்டு பேர், வியோலா வரிசையில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தார்கள். லிஃப்டில் யாராவது வயலின் பையோடு ஏறினால் மற்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். இரண்டு மாடி போவதற்குள் என்ன பாடம் என்று கேட்டார்கள். இரவுப் பணி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது முதல்முறையாக எல்லோருக்கும் தெரிந்தது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் வாசிப்பதில்லை என்று ஆனது. யாரும் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. ஒரே நேரத்தில் தொடங்கவும் ஒரே நேரத்தில் நிறுத்தவும் பழகியிருந்தார்கள். எங்கள் சங்கக் கூட்டங்களில் அது அதுவரை நடந்ததே கிடையாது.

முதல் கச்சேரிக்கு டீச்சர் கொஞ்சம் பெரிய பாடமாக எடுத்தார். இரண்டு பக்கம். ஒத்திகையின்போது தாள்களை அக்கம்பக்கமாக ஒட்டி விரித்து வைத்திருந்தார்கள். கச்சேரி அன்று கூடத்தில் விசிறிகளை முழு வேகத்தில் வைக்க, தாள் பறக்கும் என்று பயந்து, டீச்சர் கடைசி நேரத்தில் முன்னும் பின்னுமாக ஒட்டி அட்டையில் செருகிவிட்டார். அப்படியாக அந்தப் பக்கம் திருப்ப வேண்டிய பக்கமாகிவிட்டது.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. முதல் பக்கத்தின் கடைசி வரி வந்தது. என் மனைவி கையை எடுக்கவில்லை. மேல்வீட்டம்மாவும் எடுக்கவில்லை. அது அவர் வேலை இல்லை. அவர் வேலைகளைக் கலக்குகிறவர் இல்லை. வரி முடிந்தது. ஒரு கணம் இரண்டு வில்லும் நின்றன. பிறகு, யார் சொல்லிக்கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது, இரண்டு பேரும் ஒன்றாக, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

மற்றவர்கள் எல்லோரும் இரண்டாம் பக்கத்தில் ஓட, செல்லோக்கள் இரண்டும் முதல் பக்கத்தில் கம்பீரமாக நடந்தன. டீச்சரின் கண் நெற்றிக்கு ஏறிவிட்டது. யாரும் நிறுத்தவில்லை. வேறு வேறு இடங்களில் முடித்துவிட்டு எழுந்து வணங்கினார்கள். கைதட்டல் பலமாகவே இருந்தது. பாதிப் பேர் அப்படித்தான் முடிய வேண்டும் போல என்று நினைத்துவிட்டார்கள்.

அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. என் மனைவி செல்லோவை முதுகில் மாட்டிக்கொண்டு படியேறினாள். பின்னால் மேல்வீட்டம்மா தன் செல்லோவோடு. இரண்டு மகள்களும் நடுவில். மானம் போய்விட்ட முகத்தோடு ஏறிக்கொண்டிருந்த என் மகள் பாதிப் படியில் நின்று சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா தப்பு பண்ணீங்கம்மா. அவ்வளவு ஒண்ணா இன்னிக்கு வேற யாருமே வாசிக்கல."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். பின்னாலிருந்தும் மூக்கால் விட்ட ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது மேல்வீட்டம்மாவின் முகம் மருந்து பில் மாதிரி இருந்தது. எங்களைக் கடந்து மேலே போய்விட்டார்.

சில வாரங்களில் எங்கள் செல்லோ கரகரக்க ஆரம்பித்தது. வீட்டில் அதற்கு இடம் இருந்தது மகளின் அறையில் மட்டும்தான். ஈரச்சுவரிலிருந்து தள்ளித்தான் வைத்திருந்தோம். ஆனாலும் மேல்பலகையும் பக்கப்பலகையும் ஒட்டியிருந்த இடம் பிரிந்து, விரல் நகம் நுழைகிற அளவுக்கு வாய் திறந்துவிட்டது. பழுது பார்ப்பவர் தட்டிப் பார்த்துவிட்டு, பசை ஈரத்தில் விட்டிருக்கிறது என்றார். ஒட்டித் தருகிறேன், ஆனால் அதே அறைக்குத் திரும்பிப் போனால் மறுபடி பிரியும் என்றார். அமைப்பில் இருந்தவர்கள் தன்மையாகத்தான் சொன்னார்கள். வீடு காய்கிறவரை வாத்தியத்தை வீட்டுக்குத் தர முடியாது. கூடத்துக்கு வந்து பழகலாம். ஆனால் ஒத்திகை தவிர, கூடம் திறந்திருக்கும் நேரமெல்லாம் என் மனைவி பஸ்ஸில் இருக்கும் நேரம். பழகாமல் ஒத்திகையில் வாசிக்க முடியாது. ஆகவே அவள் வகுப்பிலிருந்து நிற்க வேண்டியதாயிற்று. மகள் மட்டும் தொடரட்டும் என்று நிபந்தனையைத் தளர்த்தினார்கள்.

சின்ன வயதில் அவளுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. பஸ் ஓட்டவே அடம்பிடித்துக் கற்றுக்கொண்டவள். அந்தச் செல்லோ தேவைக்காக அல்லாமல் அவள் கற்றுக்கொண்ட முதல் விஷயம். அவள் அழவில்லை. அறையின் மூலையில் அது நின்ற இடத்தைத் துடைத்துவிட்டு, துடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே மகள் இருமிக்கொண்டிருந்தாள்.

மகள்தான் ஒத்திகைச் செய்திகளைக் கொண்டுவருவாள். மேல்வீட்டு ஆன்ட்டி தனியாக வாசிக்கிறார். பக்கம் முடியும்போது அவரே நிறுத்தித் திருப்ப வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் செல்லோவின் கீழ்க்குரலே இல்லாமல் போய்விடுகிறது. "தரை இல்லாத வீட்டுல நிக்கற மாதிரி இருக்கும்மா" என்றாள். என் மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஒத்திகைக்கு டிப்போவிலிருந்து நேராக, யூனிஃபார்மோடு வந்தாள். மகளைக் கூட்டிப் போக நான் கடைசியில் நின்றிருந்தேன். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய் உள்பக்க நாற்காலியில் வெறுங்கையோடு உட்கார்ந்தாள். மேல்வீட்டம்மா வில்லுக்குப் பிசின்கட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தி ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி தேய்த்தார். கூடத்தில் அத்தனை பேருக்கும் அந்த இரண்டு நாற்காலிகள் மேல்தான் கண்.

பாடம் ஆரம்பித்தது. என் மனைவி முதல் தடவை அவசரப்பட்டு முன்னாலேயே திருப்பிவிட்டாள். மேல்வீட்டம்மா ஒரு நொடி வில்லை எடுத்து, அதன் நுனியால் தாளைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். இரண்டாம் தடவை சரியாக வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் வந்தாள். பஸ்ஸில் கியர் மாற்றுவதுபோல, வண்டிக்கே தெரியாமல், தாள் சத்தமில்லாமல் புரளும். எந்த இடத்தில் அவருக்கு அடுத்த வரி முன்கூட்டியே வேண்டும், எந்த இடத்தில் கடைசி சுரம் வரை பார்த்துக்கொண்டிருப்பார் என்பதெல்லாம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. வாசிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையையே கவனித்துக்கொண்டிருந்தால் நிறையத் தெரியும் போலிருக்கிறது.

ஒரு நாள் ஒத்திகை முடிந்து எல்லோரும் வாத்தியங்களைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி எழுந்து நின்றாள். மூடிய பஸ் கதவுக்கு வெளியே நிற்பவருக்கும் கேட்கிற குரல் அவளுக்கு.

"அன்னிக்கு நான் சொன்னது எல்லார் முன்னாடியும். அதனால இதையும் எல்லார் முன்னாடியும் சொல்றேன். இத்தனை நாள் பக்கத்துல உக்காந்து பாத்தேன். இந்தக் கை எதையும் மாத்திக் கொடுக்காது. நான் சொன்னது பொய். மன்னிச்சுக்கோங்க."

மேல்வீட்டம்மா வில்லைத் தளர்த்தினார். கம்பிகளைத் துணியால் துடைத்தார். செல்லோவைப் பையில் இறக்கி ஜிப்பை மேல்வரை இழுத்து மூடினார். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை கடை லீவு. பிளம்பரைக் கூட்டிட்டு வாங்க. தரையை உடைச்சா சத்தம் வரும். கீழ்வீட்டுக்காரங்க வந்து கத்தக் கூடாது."

"கீழ்வீட்டுக்காரி நான்தானே."

"அதனாலதான் சொல்றேன்."

தரை உடைபட்ட நாட்களில் மேல்வீட்டம்மாவும் அவர் மகளும் எங்கள் வீட்டில்தான் குளித்தார்கள். நான் சீக்கிரமாக அலுவலகம் போகப் பழகியதும் அப்போதுதான். குழாய் மாற்றப்பட்டது. கூரை ஓரங்களிலிருந்து மெல்லக் காய்ந்துகொண்டு வந்தது. பூச்சு போட்டு வெள்ளையடித்தோம். மகளின் இருமல் ஒரு நாள் நின்றிருந்தது; எந்த நாள் என்று கவனிக்கவில்லை. செல்லோ திரும்பி வந்தது. எதிர்க்கடைக்குப் போனவர்கள் சாலையைக் கடப்பதை விட்டார்கள்.

பிறகு பல வருடங்கள் அவர்கள் இரண்டு பேரும் அந்த ஸ்டாண்டில் இருந்தார்கள். நாற்காலிகளை மாற்றிப் போடலாமா என்று டீச்சர் ஒருமுறை கேட்டார். என் மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். "ஸ்டியரிங்கை அவங்க வச்சுக்கட்டும். கியர் என்கிட்ட இருக்கட்டும்" என்றாளாம்.

நோய் வந்து அவள் படுத்த மாதங்களில் மாத்திரைகளை மேல்வீட்டம்மாவே எடுத்து வருவார். ஒவ்வோர் அட்டையாக விளக்கடியில் பிடித்துப் பெயரைச் சத்தமாகப் படிப்பார். கட்டிலிலிருந்து என் மனைவி, "பாத்துங்க, மாத்திக் கொடுத்துடப் போறீங்க" என்பாள். "மாத்திக் கொடுத்தாத்தான் நீங்க வாயை மூடிட்டுத் தூங்குவீங்க" என்பார் அவர். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யாராவது அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கும்.

இன்று சாயங்காலம் செல்லோவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு அது சும்மா நிற்பது பிடிக்காது என்று மட்டும் சொல்லி, பையைத் துடைத்துக் கொடுத்தாள். கூடத்தில் ஒத்திகை தொடங்கவில்லை. பக்கத்துக் கட்டடத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் நின்றிருந்தார். அலுவலகங்களில் தரை துடைக்கிற வேலையாம், கையில் இன்னும் சோப்பு வாசனை இருந்தது. செல்லோ அவருக்குத்தான் என்றார்கள். பிடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கூடத்துச் செல்லோவில் பழகியிருக்கிறார் போல, சரியாகவே பிடித்தார்.

உள்பக்க நாற்காலி காலியாக இருக்கும் என்று நினைத்து நான் அந்தப் பக்கம் பார்க்காமலே இருந்தேன். பிறகு பார்த்தேன். மேல்வீட்டம்மா அதில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பழைய நாற்காலி, வெளிப்பக்கத்தது, காலியாக இருந்தது. புதுப்பெண் எதில் உட்காருவது என்று தயங்கினார். மேல்வீட்டம்மா அந்த நாற்காலியைக் காலால் தள்ளி விட்டார்.

"எனக்கு இன்னும் சரியா வராதுங்க, நடுவுல நின்னுடுவேன்" என்றார் அந்தப் பெண்.

"நிக்காதீங்க. தப்பா வந்தாலும் வாசிச்சுட்டே போங்க. பக்கத்தை நான் பாத்துக்கறேன்."

டீச்சர் கையை உயர்த்தினார். வாசிக்க ஆரம்பித்தார்கள். புதுப்பெண் நிறையத் தப்பு செய்தார், ஆனால் நிற்கவில்லை. முதல் பக்கத்தின் கடைசி வரி வந்ததும் மேல்வீட்டம்மா வில்லை எடுத்துவிட்டுக் கை நீட்டினார். தாள் சத்தமில்லாமல் புரண்டது.